கம்பெனி உத்தரவுப்படி நல்லுசாமி செத்தது

மேலப்புதூர் லூர்து ஒரு தும்மல் போட்டால் எதிரி நாட்டில் மூன்று ஜில்லாவுக்குக் கரண்ட் போய்விடும். மலைக்கோட்டை ஆதியில் ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. வெயிலுக்கு ஒதுங்க நிழல் வேண்டுமென்று லூர்துதான் அதை ஒரு கையால் தூக்கி, காவிரியைத் தாண்டி, இந்தப் பக்கம் வைத்தார். இன்னொரு கையில் டீ கிளாஸ் இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. கார்கில் சண்டையில் அவர் முறைத்த முறைப்பில் எதிரிப் பீரங்கி ஒன்று கூச்சப்பட்டுக் குழாயைத் திருப்பிக்கொண்டது. சந்தேகம் இருந்தால் மேலப்புதூரில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். லூர்துவை மட்டும் விசாரிக்க வேண்டாம். அவர், "டீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

நேரில் பார்த்தால் இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். ஆள் குள்ளம். அறுபதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஹவில்தாராக ரிட்டயர் ஆகி வந்தவர், இப்போது ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியை முழங்கால் நடுவே நிறுத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துப்பாக்கியால் சுட்டால் முன்னால் இருக்கிற திருடனைவிடப் பின்னால் இருக்கிற லூர்துவுக்குத்தான் ஆபத்து என்று மானேஜரே சொல்வார். இத்தனை வருஷத்தில் அவர் காப்பாற்றிய வங்கிச் சொத்து, நூலில் கட்டித் தொங்கும் பேனா ஒன்றுதான். அதையும் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள், நூல் மிச்சம்.

வீட்டில் லூர்து மாடியில் இருக்கிறார், அவர் தம்பி குடும்பம் கீழே. தம்பி மகன் பிரிட்டோவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிளஸ் ஒன்னோடு மனஸ்தாபம் வந்து பேச்சுவார்த்தை நின்றுபோனது. அவன் ஒரு தீபாவளிக்குப் பெரியப்பாவைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்து, காலி எண்ணெய் டின்னுக்குள் அணுகுண்டு வெடியை வைத்து அவர் கட்டிலுக்கு அடியில் கொளுத்தினான். தெரு நாய்கள் பாலக்கரை வரைக்கும் ஓடின. லூர்து புரண்டுகூடப் படுக்கவில்லை. "நமுத்த வெடிடா. எவன் கடையில வாங்கினே? ஏமாத்திட்டான்" என்றார்.

அதே மனிதர், பக்கத்து மனையில் வீடு கட்ட டிப்பர் லாரி ஜல்லி கொட்டியபோது, குடித்துக்கொண்டிருந்த தண்ணீரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரை ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு. கொட்டி முடிந்த பிறகும் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மலையில் இருட்டில் எதிரி தெரியமாட்டானாம். மேலே எங்கேயோ கல் சரிகிற சத்தம்தான் கேட்குமாம். கல் சரிந்தால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். இது பிரிட்டோவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தச் சந்துக்குள் ஜல்லி லாரி வருவது ஏனோ நின்றுபோனது. சந்து முனையில் 'பாதாளச் சாக்கடைக் குழி, வாகனங்கள் செல்லத் தடை' என்று ஒரு அட்டை, குழியே இல்லாமல், ரொம்ப நாள் தொங்கியது.

திருச்சி ஜில்லாவில் அந்தச் சண்டையில் லூர்துவோடு ஏறி இறங்கியவர்கள் இப்போது மொத்தம் நாலு பேர். வருஷா வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் கர்னல் ஸ்ரீரங்கராஜன் ஃபிளாட்டில் கூடுவார்கள். கர்னல் அப்போது மேஜர், அவர்களுடைய கம்பெனி கமாண்டர். பட்டாளத்தில் கம்பெனி என்றால் பாக்டரி இல்லை. நூறு பேருக்கு மேல் சேர்ந்தால் அது ஒரு கம்பெனி. அந்த நூற்றுச்சொச்சம் பேருக்கும் அம்மா, அப்பா, அம்மன், மாதா, அல்லா எல்லாம் மேஜர்தான்.

நாலு பேரும் ஒரே மலையில்தான் ஏறினார்கள் என்று அவர்கள் பேச்சைக் கேட்கிறவர்கள் சத்தியமாக நம்பமாட்டார்கள்.

கர்னலுக்கு அந்தச் சண்டை ஒரு வரைபடம். மேஜையில் இருக்கிற டபரா எதிரியின் பங்கர். டம்ளர்கள் அவருடைய பிளட்டூன்கள், கம்பெனிக்குள் முப்பது முப்பது பேராகப் பிரித்த குழுக்கள். சர்க்கரை டப்பா பீரங்கி. டம்ளர் எல்லாம் சண்டைக்குப் போய்விடுவதால், முகட்டைப் பிடிக்கிற வரைக்கும் அவர் மகள் மைதிலியால் யாருக்கும் காப்பி கொடுக்க முடியாது.

ரேடியோ ஆபரேட்டராக இருந்த அப்துல் மாலிக்குக்கு அது முழுக்கச் சத்தம். பீமநகரில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார். குளிரில் பாட்டரி செத்துவிடும் என்று பனியனுக்குள் பாட்டரியை வைத்துக்கொண்டு படுத்த கதையைச் சொல்வார். "என் பொண்டாட்டியைக்கூட நான் அப்படிக் கட்டிப் பிடிச்சதில்ல" என்பார். இப்போது ஊருக்கெல்லாம் குளிரைச் சரிசெய்து கொடுக்கிறோமே என்று அவரே சிரித்துக்கொள்வார்.

உப்பிலியபுரம் ராமருக்குச் சண்டை என்றால் கால். பனியில் மூன்று விரல் போனது. "அந்த மூணும் இன்னும் அங்கதான் டூட்டி பாக்குது. நான்தான் லீவுல வந்திருக்கேன்" என்பார். மரவள்ளி போட்டிருக்கிறார், வரும்போது ஒரு மூட்டை கொண்டுவருவார்.

லூர்துவைக் கேட்டால், "ஏறினோம். இறங்கினோம்."

அந்த முகட்டுக்குப் பெயர் கிடையாது. வரைபடத்தில் உயரம் மட்டும் எழுதியிருந்தது. இரண்டு தடவை ஏறி இரண்டு தடவையும் அடிவாங்கித் திரும்பினார்கள். மூன்றாவது தடவை கயிறு கட்டிச் செங்குத்தான பக்கமாக ஏறினார்கள். சோறு அந்த உயரத்துக்கு ஏறாது. ஷக்கர்பாரா என்று மைதாவில் செய்த இனிப்புத் துண்டை ஆளுக்கு ஒரு பை கொடுத்திருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கிக்கு எப்போதும் இரண்டு ஆள். சுடுகிறவர் நம்பர் ஒன். குண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே இருக்கிறவர் நம்பர் டூ. ஒன்று விழுந்தால் இரண்டு எடுக்க வேண்டும். நல்லுசாமி நம்பர் ஒன். லூர்து நம்பர் டூ.

விடிந்தபோது முகடு இவர்கள் கையில் இருந்தது. ஆட்கள் பாதி இல்லை.

அந்தக் காலையில் மேஜர் ஒரு காரியம் செய்தார். மிச்சம் இருந்தவர்களை ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தார். "இனிமே நீங்க லீவுல ஊருக்குப் போவேள். செத்துப்போனவா வீட்டுக்கும் போவேள். அங்கே ஆளுக்கு ஒண்ணா உளறப்படாது. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா, அந்தப் பொம்மனாட்டி மூணாவதா ஒண்ணைக் கற்பனை பண்ணிப்பா. அது நிஜத்தைவிட மோசமா இருக்கும். ஒருத்தனுக்கு ஒரு கதை. அதான் கம்பெனிக் கதை. இது ஆர்டர்."

பட்டாளத்தில் ஆர்டர் வாங்கினால் வாங்கினவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது காதில் ஏறியதாகக் கணக்கு. ஆகவே செத்தவர் ஒவ்வொருவருக்கும் மேஜர் ஒரு சாவைச் சொல்ல, உயிரோடு இருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கயிறு வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தவர், கையெறிகுண்டோடு பங்கரைப் பார்த்து ஓடினவர் ஆனார். அம்மாவைக் கூப்பிட்டு அழுத சின்னப் பையன் ஒருவன் கடைசி வரைக்கும் பாடிக்கொண்டிருந்தான். சொல்லும்போதெல்லாம் மேஜர் தன் வாட்சைப் பார்த்தார். பொய் சொன்னால் அவர் அப்படித்தான். மேலதிகாரியிடம் ரேடியோவில், "எங்களுக்கு ரேஷன் வந்துடுத்து சார், பிரமாதம்" என்று சொல்லும்போதும் வாட்சைத்தான் பார்ப்பார்.

"நல்லுசாமி. நெஞ்சுல ஒரே தோட்டா. உடனே. கஷ்டப்படல. லூர்து, திருப்பிச் சொல்லு."

"நல்லுசாமி. நெஞ்சுல ஒரே தோட்டா சார். உடனே. கஷ்டப்படல."

மாலிக்கும் ராமரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர்: மேஜரும் லூர்துவும்.

இத்தனை வருஷம் அந்தக் கதை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இந்த வருஷம் சித்திரையில் மைதிலியிடமிருந்து லூர்துவுக்கு போன் வந்தது.

"அங்கிள், அப்பாக்கு மறதி ஜாஸ்தியாயிண்டே வரது. டாக்டர் சொன்னார், பழசெல்லாம் மேலே மேலே வரும், புதுசு நிக்காதுன்னு. நேத்திக்குப் பால்காரரை உக்காத்தி வச்சு யாரோ நல்லுசாமின்னு சொல்லிண்டிருக்கார். உடனே போகலை, உடனே போகலைன்னு. அப்புறம் அழறார். யார் அங்கிள் அது?"

"எங்க கம்பெனி ஆளும்மா" என்றார் லூர்து. "பால்காரர் என்ன சொன்னாரு?"

"பாவம், அவரும் அழுதுட்டுப் போனார். இன்னிக்கு அரை லிட்டர் கூடுதலா ஊத்திட்டுப் போயிருக்கார்."

உடனே போகவில்லைதான். நல்லுசாமிக்குப் பட்டது வயிற்றில். அவர்கள் ஒண்டியிருந்த பாறை விளிம்புக்கும் மேலே இருந்த பங்கருக்கும் நடுவே ஒரு மாடி வீட்டு உயரம்கூட இல்லை. அசைந்தால் சுடுவான். தூக்கிக்கொண்டு இறங்க வழி இல்லை. மேஜர் ஊர்ந்து வந்து பார்த்துவிட்டு லூர்துவின் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். கூடவே இரு என்று அர்த்தம். நல்லுசாமி கொஞ்ச நேரம் இருந்தார். தண்ணீர் கேட்டார். பாட்டிலில் தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. லூர்து பனியை அள்ளி உள்ளங்கையில் உருக்கி அவர் உதட்டில் வைத்தார். அப்புறம் நல்லுசாமி சத்தமில்லாமல் போய்விட்டார். அவ்வளவுதான்.

பால்காரரோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதமே வையம்பட்டியிலிருந்து ரஞ்சனி கூப்பிட்டார். நல்லுசாமியின் சம்சாரம். (இதில் வருகிற யார் பெயரும் அவரவர் பெயர் இல்லை. வையம்பட்டியும் வையம்பட்டி இல்லை. கர்னல் கர்னல்தானா என்பதும் சந்தேகம். யாரும் பஸ் ஏறித் தேடிக்கொண்டு போக வேண்டாம்.)

"அண்ணே, குழலிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். ஆவணியில."

"ரொம்ப சந்தோசம் தாயி!"

மட்டுவார்குழலி, நல்லுசாமி செத்து நாலு மாசம் கழித்துப் பிறந்தவள். அப்பாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

"கர்னல் ஐயாவுக்கு நேர்ல பத்திரிகை வைக்கணும்ணே. குழலியும் வருது. அப்பா எப்படிப் போனாருன்னு அவரு வாயாலயே கேக்கணுமாம்."

லூர்து போனை மறு காதுக்கு மாற்றினார். "அதான் நான் சொல்லியிருக்கேனே தாயி. வேணும்னா குழலிகிட்ட போனைக் குடு, நானே..."

"நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம்ணே. அதை வச்சுத்தான் நான் இத்தனை வருசம் தூங்கிக்கிட்டு இருக்கேன். அவளுக்கு ஆபீசர் சொல்லணுமாம். படிச்ச புள்ள, விடமாட்டேங்குது."

தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று ரஞ்சனி சொன்னது லூர்துவைத் தூங்கவிடவில்லை.

ஆனிக் கடைசியில் கூடுகிற ஞாயிற்றுக்கிழமை, ரஞ்சனியும் குழலியும் வருகிற அதே நாள், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மூன்று பேரும் ஆபரேஷன் பிளான் போட்டார்கள். முகட்டைப் பிடிக்கக்கூட இவ்வளவு நேரம் பேசவில்லை.

"ஐயா கதையை விட்டு வெளிய போனா நான் இருமுறேன்" என்றார் மாலிக்.

"நீ எப்பவுமே இருமுவே. அது சிக்னலா, சீக்கான்னு எப்படித் தெரியும்?" என்றார் ராமர். "நான் டம்ளரைக் கீழ தள்ளி விடுறேன்."

"நீ எப்பவுமே தள்ளி விடுவே."

"அதுக்கும் மேல போனா?" என்று கேட்டார் ராமர்.

லூர்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நான் மயங்கி விழுந்துருவேன்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். வெடிக்கே புரண்டு படுக்காதவர்.

"நல்லா விழணும்டா," என்றார் ராமர். "அரைகுறையா விழுந்தா நாந்தான் தூக்கணும். எனக்குக் கால்ல விரல் பத்தாது."

"அந்தப் புள்ள நர்ஸுடா," என்றார் மாலிக். "நாடி புடிச்சுப் பாக்கும். மாட்டிக்குவே."

ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது. மரவள்ளி மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி கண்டக்டர் ராமரோடு காவிரிப் பாலம் வரைக்கும் சண்டை போட்டார். லூர்துவுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு, விழுவதென்றால் எந்தப் பக்கம் விழுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கர்னல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருமண்ணுமாக, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். லூர்துவை அடையாளம் தெரிந்தது. மாலிக்கையும் தெரிந்தது. ராமரைப் பார்த்து, "வாடா அற்புதசாமி" என்றார். அற்புதசாமி என்பவர் அந்த மலையிலிருந்து இறங்காதவர்களில் ஒருவர்.

ராமர் மூட்டையைக் கீழே வைத்தார். அப்புறம் குதிகாலைச் சேர்த்து, "ஹாஜர் சார்!" என்றார்.

"எப்படிடா இருக்கே?"

"சௌக்கியம் சார். மேல நல்ல குளிரு."

மைதிலி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

ரஞ்சனியும் குழலியும் வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை. கர்னல் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை வாய்விட்டுப் படித்தார். "வையம்பட்டி நல்லுசாமி, ரஞ்சனி தம்பதியரின் செல்வி..." நிறுத்தினார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எங்கே அவன்? பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கறச்சே வரப்படாதோ?"

மாலிக் இருமினார். ராமர் தேடினார், டம்ளர் எதுவும் இன்னும் வரவில்லை. லூர்து எழுந்தே விட்டார்.

குழலிதான் பேசினாள். "அவர் வரலைங்க ஐயா. ஏன் வரலைன்னு கேக்கத்தான் நாங்க வந்தோம்."

கர்னல் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். நல்லுசாமியின் மூக்கு அவளுக்கு அப்படியே. பிறகு உட்கார்ந்தார். "மைதிலி, டபரா கொண்டா."

டபரா வந்தது. டம்ளர்கள் வந்தன. சர்க்கரை டப்பா பின்னால் போய் நின்றது. கர்னலின் குரல் மாறியது. இருபது வயது குறைந்தது. இடது பிளட்டூன் எங்கே, வலது எங்கே, கயிறு எங்கே கட்டினோம், நிலா எப்போது மறையும் என்று எல்லாம் துல்லியம். நேற்றுக் காலை என்ன டிபன் என்று கேட்டால் தெரியாது. டம்ளர்கள் ஏறின. விளிம்பு வந்தது. ஒரு ஸ்பூனை எடுத்து டபராவுக்குக் கீழே படுக்கவைத்தார்.

"இதான் நல்லுசாமி. பக்கத்துலே லூர்து." இன்னொரு ஸ்பூன். "அவனுக்குப் பட்டது. பட்டதும்..."

மாலிக் நெஞ்சு கிழிய இருமினார். ராமர் மூன்றாவது பிளட்டூனையே கையால் தட்டிவிட்டார். டம்ளர் மொசைக் தரையில் உருண்டு, ஆடி, ஓய்ந்தது.

கர்னல் சட்டென்று கையை உயர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அற்புதசாமி! சத்தம். மேலே கேக்கும்" என்றார்.

ரஞ்சனி தாம்பாளத்தைக்கூடக் கீழே வைக்காமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேலே எதுவும் கேட்டுவிடக்கூடாதே என்று அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. லூர்து சோபாவா, தரையா என்று பார்த்து, தரை என்று முடிவு செய்து, முழங்காலைத் தளர்த்திக்கொண்டார்.

"நெஞ்சுலே," என்றார் கர்னல் கிசுகிசுப்பாக. "ஒரே தோட்டா. இங்கே." தன் சட்டையின் இடது பக்கம் விரலை வைத்தார். "நான் பக்கத்துலே இருந்தேன். என் கண்ணாலே பார்த்தேன். அப்பதான் ஒரு ஷக்கர்பாராவை வாயிலே போட்டுண்டான். தித்திப்பு. மென்னுண்டே இருந்தான். முழுங்கக்கூட இல்லை. அப்படியே போயிட்டான். முகத்துலே ஒரு சுளிப்பு இல்லை."

லூர்துவின் முழங்கால் பாதி வளைந்தபடியே நின்றது.

குழலி முன்னால் சாய்ந்தாள். "இந்த இடமாங்க ஐயா?" தன் விரலால் காட்டினாள்.

"அங்கேதான்."

அவள் அம்மாவிடம் திரும்பினாள். "அங்கன்னா தெரிஞ்சிருக்காதும்மா. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"தின்னுக்கிட்டேயா?" என்றார் ரஞ்சனி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முதலில் அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்தன்னைக்கே பந்தியில ரெண்டாவது தடவை உக்காந்த மனுசன். என்னையப் பக்கத்துல வச்சுக்கிட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாலிக் இப்போது நிஜமாகவே இருமினார். லூர்து மட்டும் கர்னலின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை ஆரம்பித்ததிலிருந்து முடிகிற வரைக்கும் கர்னல் ஒரு தடவைகூட வாட்சைப் பார்க்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது மறந்துபோய், ஆர்டர் மட்டும் நின்றுவிட்டது. ஷக்கர்பாரா கம்பெனிக் கதையில் கிடையாது. அது எங்கிருந்தோ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இனி அதுவும் கதைதான்.

காப்பி வந்தது. தாம்பாளத்தில் மைதிலி புடவை வைத்துக் கொடுத்தாள். ராமர் மூட்டையைப் பிரித்து ஆளுக்கு இரண்டு கிழங்கு கொடுத்தார். ரஞ்சனி கிளம்பும்போது லூர்துவிடம், "குழலி இன்னைக்குத்தாண்ணே நம்பிச்சு. நீங்க சொல்றது கட்டின கதைன்னு அதுக்கு ஒரு சந்தேகம்" என்றார். லூர்து, "சின்னப் புள்ளதானே தாயி" என்றார்.

எல்லோரும் லிஃப்டுக்குள் போன பிறகு கர்னல் வாசலில் லூர்துவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இன்னும் பட்டாளப் பிடிதான்.

"லூர்து. அவன் கஷ்டப்படலை. இல்லையா?"

கேள்வியாகவே கேட்டார். கண்ணில் நிஜமாகவே சந்தேகம் இருந்தது.

லூர்து குதிகாலைச் சேர்த்தார். "நல்லுசாமி. நெஞ்சுல ஒரே தோட்டா சார். உடனே. கஷ்டப்படல."

"குட்" என்றார் கர்னல்.

லிஃப்டில் இறங்கும்போதுதான் லூர்துவுக்கு உறைத்தது. சொன்ன நேரம் முழுக்கத் தன் கண் தன் வாட்சில் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து லூர்து பாலிஷ் போட உட்கார்ந்தார். வங்கி ஷூ, பழைய பட்டாள ஷூ, தம்பியின் ஷூ, எதிர்ப்படுகிற தோல் சாமான் எல்லாவற்றுக்கும் போடுவார். அன்றைக்கு பாலிஷ் டப்பாவில் கறுப்புப் பாலிஷுக்குப் பதில் யாரோ புளிக்குழம்பை வைத்திருந்தார்கள். லூர்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். பிரிட்டோ நிஜ டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்தத் துப்பாக்கிக்கும் நம்பர் டூ வேணும்டா" என்றார் லூர்து, தலையை நிமிர்த்தாமல். "இத்தனை வருசம் இதுக்கு ஐயா இருந்தாரு. இப்ப அவரு மறந்துட்டாரு. உக்காரு."

இரண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடிகிற வரைக்கும் அந்த ராத்திரி நடந்ததைச் சொன்னார். அவன் ஒரு விஷமமும் செய்யாமல் கேட்டான். முடிந்ததும் அவர், "டீ சாப்பிட்டியா?" என்றார்.

அதற்கு நாலு வாரம் கழித்து, பெனடிக்ட் சார் என்று ஒரு வாத்தியார் நடத்துகிற சின்னப் பத்திரிகைக்கு 'எங்கள் தெருவில் ஒருவர்' என்று பிரிட்டோ இதை எழுதினான். அச்சுக்குப் போகும் முன் பெரியப்பாவிடம் காட்டினான். அவர் வங்கியிலிருந்து வந்து, பெல்ட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் படித்தார். எதிரி நாட்டில் கரண்ட் போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மலைக்கோட்டையைத் தூக்கி வைத்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. குழியே இல்லாத குழி அட்டை வந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை அவனைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். பாதியில் அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"கொஞ்ச நேரம் இருந்தார்னு போட்டிருக்க."

பிரிட்டோ மின்விசிறியைப் பார்த்தான்.

"விடியற வரைக்கும்னு சொன்னேன்."

பிரிட்டோ தாளை இழுக்கப் பார்த்தான், லூர்து விரலை எடுக்கவில்லை.

"பனியை உருக்கி உதட்டுல வச்சேனாம். அந்தக் கை அவன் வாயைப் பொத்திக்கிட்டு இருந்துச்சுன்னுல்ல சொன்னேன்? சத்தம் மேல கேக்கக்கூடாதுன்னு. தண்ணி எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"பேனா தப்பா எழுதிருச்சு, பெரியப்பா."

"பேனா." லூர்து தாள்களை மடித்து அவன் மடியில் வைத்தார். கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "உன்னைய நான் நம்பர் டூவாத்தானே வச்சேன்? எவன்டா உன்னைக் கம்பெனி கமாண்டரா ஆக்கினது?"